கோச் பதில்கள்: பெயர் வாசித்ததும் எழும் கூச்சல்

கேள்வி: கோச் சார், அமெரிக்காக்காரர்களின் ஃபுட்பால் டிராஃப்டை விடியற்காலையில் ஃபோனில் பார்த்தேன். முதல் சுற்றில் ஒரு பெயரை வாசித்ததும் அந்த அணியின் ரசிகர்களே ‘ஊ’ என்று கத்துகிறார்கள். அந்தப் பையன் இன்னும் அவர்களுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அதற்குள் என்ன கோபம்?
— கல்லூரி மாணவர், வியாசர்பாடி

தம்பி, விஷயம் தெரியாத வாசகர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது நாம் முல்லை நகர் கிரவுண்டில் ஆடும் ஆட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது. என்.எஃப்.எல். என்ற அவர்கள் லீகில் 32 அணிகள். கல்லூரியில் ஆடி முடித்து வரும் பையன்களை வருடத்துக்கு ஒரு தடவை ஏழு சுற்றுகளாகப் பிரித்து எடுத்துக்கொள்வார்கள். போன சீசனில் எல்லோரையும்விட மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு, சாம்பியனுக்குச் சுற்றின் கடைசி வாய்ப்பு. நடுவில் தங்கள் வாய்ப்பைக் கைமாற்றிக்கொள்ளவும் செய்வார்கள். எந்த ஊருக்குப் போக ஆசை என்று பையனை யாரும் கேட்பதில்லை. 1935-ல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் முதலாளி பெர்ட் பெல் கொண்டுவந்த யோசனை இது. பணக்கார அணிகளே நல்ல ஆட்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனதால், தோற்கிற அணி தோற்றுக்கொண்டே இருந்தது. 1936-ல் முதல் டிராஃப்ட் நடந்தது.

இப்போது உன் கேள்வி. சீசன் முழுக்கத் தோற்ற அணியின் ரசிகனை நினைத்துப் பார். செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை ஞாயிறுதோறும் வயிற்றெரிச்சல். அவனுக்கு மிச்சமிருக்கும் ஒரே நல்ல செய்தி, ஏப்ரலில் தன் அணிக்கு முன்வரிசை வாய்ப்பு இருக்கிறது என்பதுதான். பிப்ரவரியிலிருந்தே ஒரு பையனின் பெயரை மனதில் வைத்துக்கொண்டு, அவன் ஆடிய வீடியோவை எல்லாம் பார்த்து, அவன் தன் அணியின் ஜெர்சியில் ஓடுவதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறான். கடைசியில் மேடையில் வேறு பெயரை வாசிக்கிறார்கள். கை நழுவிப் போனவன்மேல் இருந்த ஆசை, வந்து நிற்பவன்மேல் கோபமாக இறங்குகிறது. மேடையில் நிற்கும் அந்த 21, 22 வயதுப் பையனுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. அவன் அம்மா பக்கத்தில் நிற்பாள். அவளுக்கும் அந்தச் சத்தம் கேட்கும்.

இதில் பேர்போன சம்பவம் 1999-ல் நியூயார்க்கில் நடந்தது. ஈகிள்ஸ் முந்தைய சீசனில் 16 ஆட்டத்தில் மூன்றுதான் ஜெயித்திருந்தது. கையில் இரண்டாவது வாய்ப்பு. பிலடெல்பியா ஊரே ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஓட்டக்காரர் வேண்டும் என்று கேட்டது. அதற்கு முந்தைய வருடம் கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய விருதை வாங்கியவர் அவர். உள்ளூர் ரேடியோ தொகுப்பாளர் ஒருவர் முப்பது ரசிகர்களைச் சேர்த்து நியூயார்க்குக்கே அழைத்துக்கொண்டு போயிருந்தார். அணி எடுத்தது டோனவன் மெக்நாப் என்ற குவார்ட்டர்பேக்கை. பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துகிற இடம் அது. பெயரைச் சொன்னதும் அந்தக் கூட்டம் போட்ட கூச்சல் டிவியில் நாடு முழுக்கப் போனது. மெக்நாப் மேடையில் சிரித்த முகமாக நிற்க முயன்றார்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். மெக்நாப் பதினோரு சீசன் அங்கே ஆடினார். ஐந்து தடவை அணியைத் தன் பிரிவின் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். 2005 பிப்ரவரியில் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலிலும் இறக்கினார். அதில் 24-21 என்று மூன்று புள்ளியில் தோற்றார்கள். 2013-ல் அவருடைய 5-ம் எண் ஜெர்சியை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று அதே அணி முடிவு செய்தது. ரிக்கி வில்லியம்ஸையும் குறைத்துப் பேச மாட்டேன். 2002-ல் லீகிலேயே அதிக தூரம் ஓடியவர் அவர்தான். ஆனால் 1999-ல் அவர் ஒருவருக்காக நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணி அந்த வருடத்துத் தன் வாய்ப்புகள் அத்தனையையும் கொடுத்துவிட்டது. மூன்றே சீசனில் அவரை மயாமிக்கு அனுப்பியும் விட்டது.

இவ்வளவு செய்த பிறகும் மெக்நாப் பெயரை எடுத்தால் முதலில் அந்தக் கூச்சலைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அது தாங்கவில்லை தம்பி.

கேள்வி: ரசிகன் எப்போதுமே தப்பா கோச்? அவன் சொன்னது ஒரு தடவைகூடச் சரியாக இருந்ததில்லையா?
— ஆட்டோ ஓட்டுநர், புளியந்தோப்பு

இருந்திருக்கிறது. 1995-ல் நியூயார்க் ஜெட்ஸுக்கு ஒன்பதாவது வாய்ப்பு. ரசிகர்கள் வாரன் சாப் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். எதிரணியின் குவார்ட்டர்பேக்கைத் துரத்திப் பிடித்துத் தரையில் சாய்க்கிற தடுப்பாட்டக்காரர். ஜெட்ஸ் கைல் பிரேடியை எடுத்தது. அரங்கமே கொதித்தது. மூன்று இடம் தள்ளி, 12-வதாக சாப்பை டாம்பா பே எடுத்துக்கொண்டது. அவர் அங்கே சூப்பர் பவுல் ஜெயித்தார், 2013-ல் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ கௌரவமும் வாங்கினார். ஜெட்ஸ் அந்த சீசனில் மூன்று ஆட்டம் ஜெயித்தது, அடுத்த சீசனில் ஒன்றே ஒன்று.

ரசிகனின் கண் பல வருடம் பார்த்துப் பழகிய கண். அதை நான் மட்டம் தட்ட மாட்டேன். கைல் பிரேடியும் மோசமான ஆட்டக்காரர் இல்லை அண்ணே. பதின்மூன்று சீசன் அந்த லீகில் தாக்குப்பிடித்தவர். தேர்வு தப்பாக இருக்கலாம். தேர்வானவன் என்ன தப்பு செய்தான்?

கேள்வி: எங்கள் ஏலத்தில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் விலை சொல்வோம். அவர்கள் எதைப் பார்த்து ஆளை எடுக்கிறார்கள்?
— மீன் வியாபாரி, காசிமேடு

அவர்களும் பார்க்கிறார்கள் அம்மா, கொஞ்சம் அதிகமாகவே பார்க்கிறார்கள். டிராஃப்டுக்கு முன்னால் இண்டியானாபொலிஸ் நகரத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட பையன்களை வரவழைத்து அளவெடுப்பார்கள். உயரம், எடை, கை நீளம், உள்ளங்கை அகலம். 40 கெஜ ஓட்டம், அதாவது சுமார் 36.5 மீட்டர், எத்தனை வினாடி? சுமார் 102 கிலோ எடையைப் படுத்தபடி எத்தனை தடவை தூக்குகிறான்? நின்ற இடத்தில் இருந்து எவ்வளவு உயரம் குதிக்கிறான்? டாக்டர்கள் பழைய காயங்களைத் தடவிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு அணியும் அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்கும்.

இத்தனைக்கும் பிறகு தப்பு நடக்கிறது. டாம் பிரேடி என்ற குவார்ட்டர்பேக் அந்த 40 கெஜத்தை 5.28 வினாடியில் ஓடினார். அவர் ஆட்டத்துக்கு அது மெதுவான ஓட்டம். 2000-ம் வருட டிராஃப்டில் ஆறாவது சுற்றில், 199-வது ஆளாகத்தான் அவரை எடுத்தார்கள். ஏழு சூப்பர் பவுல் ஜெயித்தார். 2022-ல் பிராக் பர்டி என்ற இன்னொரு குவார்ட்டர்பேக் கடைசி ஆள், 262-வது. இரண்டாவது சீசனிலேயே சான் பிரான்சிஸ்கோ அணியைச் சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோனார். கடைசியாக வாசிக்கப்படும் பெயரை ஒவ்வொரு வருடமும் கேலியாகக் கொண்டாடுவது அங்கே பழக்கம். எனக்கு அந்தப் பழக்கமும் பிடிக்காது.

காலில் உள்ள வேகத்தை ஸ்டாப்வாட்ச் சொல்லிவிடும். தோற்றுக்கொண்டிருக்கும்போது ஒருவன் என்ன செய்வான் என்று பார்க்க, அவனை நாலு மாதம் கூட வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: நம்ம ஐ.எஸ்.எல்.லிலும் டிராஃப்ட் நடந்ததே சார்? அப்புறம் ஏன் காணோம்?
— சென்னையின் எஃப்.சி. ரசிகர், தண்டையார்பேட்டை

2017 ஜூலை 23, மும்பையில் நடந்தது. அதுவரை ஐ.எஸ்.எல். என்ற நம்ம இந்தியன் சூப்பர் லீக் சில மாதப் போட்டியாக இருந்தது. ஐ-லீக் என்ற இன்னொரு இந்திய லீகின் கிளப்பில் ஆடும் பையன்கள் சீசன் முடிந்ததும் இங்கேயும் வந்து ஆடிவிட்டுப் போவார்கள். 2017-ல் இரண்டு லீகும் ஒரே சமயத்தில் நடக்கும் என்றானதும் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. பெங்களூரு, ஜாம்ஷெட்பூர் என்று இரண்டு புது அணிகள் வேறு. எல்லோருக்கும் ஆள் பிரித்துக் கொடுக்க டிராஃப்ட் தேவைப்பட்டது. முதல் ஆளாக மலப்புரத்துக்காரர் அனஸ் எடத்தொடிகாவை ஜாம்ஷெட்பூர் எடுத்தது. விலை 1 கோடியே 10 லட்சம்.

முதல் வாய்ப்பு கிடைத்த ஜாம்ஷெட்பூர் அந்த சீசனில் ஐந்தாவது இடம். அரையிறுதிக்குப் போகவில்லை. கோப்பை யாருக்கு என்று உனக்கே தெரியும். 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானம். ஒன்பதாவது நிமிடத்திலேயே பெங்களூருவின் சேத்ரி கோல் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு நம்ம மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிய இரண்டு, ரஃபேல் அகஸ்டோ போட்ட ஒன்று. 3-2 என்று கோப்பை சென்னையின் எஃப்.சி.க்கு. எங்கள் தெருவில் அன்றைக்கு விடிய விடிய யாரும் தூங்கவில்லை.

ஏன் தொடரவில்லை என்றால், உலகம் முழுக்க நம்ம ஆட்டத்தில் பையன் கிளப்போடு ஒப்பந்தம் போடுகிறான். வேறு கிளப்புக்கு வேண்டுமென்றால் பணம் கொடுத்து வாங்க வேண்டும். எங்கே ஆடுவது என்பதில் பையனுக்கும் ஒரு வார்த்தை உண்டு. ஒப்பந்தங்கள் ஓட ஆரம்பித்ததும் டிராஃப்டுக்கு வேலை இல்லாமல் போனது. போனது நல்லதுதான் என்பது என் கருத்து.

கேள்வி: பெண்கள் ஆட்டத்தில் இந்த டிராஃப்ட் உண்டா சார்?
— பிளஸ் டூ மாணவி, ராயபுரம்

அமெரிக்காவின் பெண்கள் கால்பந்து லீகில் இருந்தது, தங்கச்சி. அது நம்ம கால்பந்துதான். 2024-ல் வீராங்கனைகள் சங்கம் லீகோடு போட்ட ஒப்பந்தத்தில் டிராஃப்டையே எடுத்துவிட்டார்கள். எந்த ஊரில், எந்த அணிக்கு ஆடுவது என்பதை இப்போது அவர்களே முடிவு செய்யலாம். அந்த நாட்டின் பெரிய லீகுகளில் இதைச் செய்த முதல் லீக் அது. அதைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கேள்வி: என் மகனுக்குப் பதின்மூன்று வயது. ஒரு அகாடமி செலக்‌ஷனில் பெயர் வந்துவிட்டது. கூட வந்த பெற்றோர்கள் சிலர், “இவனைப் போய் ஏன் எடுத்தார்கள், அந்தப் பையன் இதைவிட நன்றாக ஆடுவானே” என்று அவன் காதில் விழும்படியே பேசினார்கள். அன்றிலிருந்து கிரவுண்டுக்குப் போக மாட்டேன் என்கிறான். என்ன செய்வது ஐயா?
— ஒரு தாய், கொடுங்கையூர்

அம்மா, இந்த வாரம் வந்ததிலேயே உங்கள் கடிதத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பல வருடத்துக்கு முன்னால் ஒரு செவன்ஸ் டோர்னமென்ட்டுக்கு டீம் லிஸ்ட் எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டினேன். ரைட் பேக் இடத்துக்கு ஏரியாவில் எல்லோருக்கும் பிடித்த ஒரு பையன் இருந்தான். நான் எருக்கஞ்சேரியிலிருந்து சைக்கிளில் வரும் இன்னொருவனை எடுத்திருந்தேன். முதல் பையன் பந்து காலில் இருக்கும்போது அழகு. இவன் பந்து போய்விட்டால் திரும்ப ஓடி வருவான். எனக்கு அது தேவைப்பட்டது. லிஸ்ட்டைப் பார்த்த பெரியவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு, “யாரு மாஸ்டர் இவன், நம்ம பையன் இருக்கச் சொல்ல இவன் எதுக்கு?” என்று கேட்டார்கள். அவன் கடைக்குப் பின்னால் சைக்கிளைப் பிடித்தபடி நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். மறுநாள் பிராக்டிஸுக்கு வரவில்லை.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். “நீ நல்லா ஆடுவே, கவலைப்படாதே” என்று நான் சொல்லவில்லை. அந்த வயதுப் பையனுக்கு அது வெறும் ஆறுதல் என்று உடனே தெரிந்துவிடும். நான் ஏன் எடுத்தேன் என்பதை ஆட்டம் ஆட்டமாகச் சொன்னேன். போன மாதம் கண்ணிகாபுரம் கிரவுண்டில் லெஃப்ட் விங்கிலிருந்து வந்தவனை நீ இரண்டு தடவை துரத்திப் பிடித்தாய், ஞாபகம் இருக்கிறதா? மழை பெய்த அன்று மற்றவர்கள் கிளம்பிய பிறகும் சுவரில் பந்து அடித்துக்கொண்டிருந்தாய், நான் பார்த்தேன். இப்படிக் கண்ணால் கண்டதை மட்டும் சொன்னேன். வந்தான். முதல் ஆட்டம் சரியாக ஆடவில்லை, கால் நடுங்கியது. இரண்டாவது ஆட்டத்திலும் அவனையேதான் இறக்கினேன். இன்றைக்கு ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருக்கிறான்.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, அந்த அகாடமி கோச்சைத் தனியாகப் பார்த்து, என் மகனிடம் எதைப் பார்த்து எடுத்தீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பதிலை அவர் வாயாலேயே உங்கள் மகனிடம் சொல்லச் சொல்லுங்கள். எடுத்தவரின் பொறுப்பு அது, அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அவரால் சொல்ல முடியவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள். இன்னொன்று, அந்தப் பெற்றோர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பெயர் வராத அந்தப் பையனும் வீட்டில் அழுதுகொண்டுதான் இருப்பான். முடிந்தால் இரண்டு பையன்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து ஆட விடுங்கள். அவர்களுக்குள் பகை கிடையாது, பெரியவர்கள் கொண்டுவந்து வைத்தது அது.

கேள்வி: பெரம்பூரில் ஆட்டம் பார்த்து வளர்ந்தவன் நான். கேலரியில் கத்தாத ரசிகன் ரசிகனா? டிக்கெட் வாங்கியவனுக்குக் கத்தும் உரிமை உண்டு. நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும் போலிருக்கிறதே!
— ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், எம்.கே.பி. நகர்

அண்ணே, அப்படி நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். பின்னி மில் ஷிஃப்ட் முடிந்து அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போவார். கத்தக் கற்றுக்கொண்டதே அங்கேதான். ஆட்டத்தில் பந்தைத் தொலைத்தவனைத் திட்டுங்கள். அடுத்த நிமிடமே பந்தைப் பறித்து வந்து பதில் சொல்ல அவனுக்கு வழி இருக்கிறது. டிராஃப்ட் மேடையில் நிற்பவனுக்கு அந்த வழி இல்லை. காலில் பந்து கிடையாது, செப்டம்பர் வரை ஆட்டமும் கிடையாது.

கோபத்தைக் காட்ட வேண்டிய இடமும் இருக்கிறது. 2020-ல் கிரீன் பே பேக்கர்ஸ் செய்ததைப் பாருங்கள். ஆரன் ராட்ஜர்ஸ் என்ற பெரிய குவார்ட்டர்பேக் அவர்களிடம் இருந்தார். முந்தைய சீசனில் கடைசிக்கு முந்தின கட்டம் வரை போன அணி. அவர் எறியும் பந்தைப் பிடிக்க நல்ல ஆள் ஒருவரை எடுங்கள் என்று ரசிகர்கள் கேட்டார்கள். நிர்வாகமோ தன் வாய்ப்பு வரும் வரை காத்திருக்காமல், மாற்றி முன்னேறி வந்து, 26-வது ஆளாக ஜோர்டன் லவ் என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கை எடுத்தது. இருக்கிற ராஜாவுக்குப் பக்கத்திலேயே அடுத்த ராஜா. கொரோனா காலம் என்பதால் மேடையும் கூட்டமும் இல்லை, ஆனால் கோபத்துக்குக் குறைவில்லை. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். அந்த அணிக்குத் தனி முதலாளி கிடையாது, ஊர் மக்கள் கையில் பங்கு இருக்கும் அணி. கேள்வி கேட்க அவர்களைவிட யாருக்கு உரிமை?

லவ் மூன்று சீசன் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்தார். ராட்ஜர்ஸ் போன பிறகு 2023-ல் அணியைக் கையில் எடுத்தார். 2024 ஜனவரியில் டல்லஸுக்கே போய், நாக்அவுட் ஆட்டத்தில் 48-32 என்று ஜெயித்துக் கொடுத்தார். நிர்வாகம் செய்தது சரியா தப்பா என்று அங்கே இன்னும் வாதம் நடக்கட்டும். எனக்கு அந்த மூன்று வருடப் பெஞ்சுதான் கண்ணில் நிற்கிறது. ஊரே வேண்டாம் என்ற ஒருவன், தினமும் பிராக்டிஸுக்கு வந்து, வாய்ப்பு வரும் வரை உட்கார்ந்திருக்கிறான். அடுத்த தடவை பெரம்பூர் பக்கம் ஆட்டம் பார்க்கப் போகும்போது சொல்லுங்கள் அண்ணே, நானும் வருகிறேன். உங்களோடு சேர்ந்து கத்துகிறேன்.

கேள்வி: அடுத்த டிராஃப்டை எங்கள் செட் பசங்க எல்லாம் சேர்ந்து பார்க்கப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும் கோச்?
— இளைஞர்கள் சிலர், கொருக்குப்பேட்டை

ஆளுக்கு ஓர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அணியில் போன சீசனில் யார் யார் காயம், யாருடைய ஒப்பந்தம் முடிகிறது, எந்த இடத்தில் ஆள் இல்லை என்று ஒரு மாதம் முன்பே படியுங்கள். நீங்கள் மேனேஜராக இருந்தால் யாரை எடுப்பீர்கள், ஏன் எடுப்பீர்கள் என்று காகிதத்தில் எழுதி மடித்து வையுங்கள். பெயர் வாசிக்கும்போது அணி வாய்ப்பை மாற்றிக்கொண்டதா, அதற்கு என்ன கொடுத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதத்தை மூன்று சீசன் தொலைக்காமல் வைத்திருந்து அப்புறம் எடுத்துப் பாருங்கள், எனக்கும் எழுதுங்கள்.

முதல் சுற்று அங்கே வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஆரம்பம். நமக்கு வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை. முடிய ஒன்பதுக்கு மேல் ஆகும், அதனால் வேலைக்குப் போகிறவர்கள் லீவு சொல்லிவிட்டு உட்காருங்கள். சனிக்கிழமை காலையில் இரண்டாவது, மூன்றாவது சுற்று. மிச்சம் நாலு சுற்றும் நமக்குச் சனிக்கிழமை இரவு வரும். பர்டி மாதிரி ஆட்களின் பெயர் அங்கேதான் வரும், தூங்கிவிடாதீர்கள்.